வொர்க்ஸ்டேஷன் வாங்கும் முன் எதைப் படிப்பது?

“மகள் பி.ஆர்க். முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள். சாதாரண கம்ப்யூட்டர் போதாது, ‘வொர்க்ஸ்டேஷன்’தான் வேணும் என்கிறார் கடைக்காரர். விலை இரண்டு லட்சமாம். வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். எனக்குப் புரிகிற மாதிரி இதைப் பற்றி எங்கே படிக்கலாம்?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

வளையல் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும், சகோதரி. முதலில் படித்துப் பார்ப்போம்.

வொர்க்ஸ்டேஷன் என்றதும் மிரண்டுவிட வேண்டாம். நம் வீட்டு கிரைண்டருக்கும் இட்லிக் கடை கிரைண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான். நாள் முழுக்க ஓடினாலும் தாங்க வேண்டும், கணக்கில் பிசகு வரக்கூடாது. அதற்காகவே பலவற்றில் ‘இ.சி.சி.’ என்ற நினைவகம் வைக்கிறார்கள். நினைவகத்தில் ஓர் எழுத்து தானாக மாறிப்போனாலும் அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். 1993-ல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் கம்ப்யூட்டரில் செய்த டைனோசர்கள் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் வொர்க்ஸ்டேஷன்களில் உருவானவையே. அத்தனை பெரிய வேலைக்கு வந்த இயந்திரம் முதல் வருடப் படிப்புக்கு வேணுமா என்பதுதான் கேள்வி.

படிக்க வேண்டியவை மூன்று. கடையில் தரும் விளம்பரத் தாள் இதில் சேர்த்தி இல்லை!

1. மென்பொருளின் தேவைப் பட்டியல்: எந்தெந்த மென்பொருள், எந்த வருடத்தில் சொல்லித் தருவார்கள் என்று கல்லூரியில் எழுதி வாங்குங்கள். முதல் வருடம் பல கல்லூரிகளில் கையால் வரைவதே அதிகம். பிறகு அந்த மென்பொருளின் பெயரோடு ‘சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்’ என்று தேடுங்கள். கட்டட வரைபடத்துக்கான ‘ரெவிட்’டுக்கு, அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனியே மூன்று படிகளாகப் பட்டியல் தருகிறது. முதல் படிக்கு 16 ஜி.பி. நினைவகம், நடுப்படிக்கு 32. மாணவிக்கு முதல் படியிலிருந்து பார்த்தால் போதும். ரெவிட் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும். மாணவர்களுக்கு அந்த மென்பொருள் இலவசம் என்பதையும் மறக்காதீர்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. இயந்திரத்தின் கையேடு: குக்கர் வாங்கினால் கூடவே சின்ன புத்தகம் வருகிறதில்லையா, அது மாதிரி. டெல், எச்.பி., லெனோவோ மூவருமே ஒவ்வொரு மாடலுக்கும் கையேட்டைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். மாடல் பெயரோடு ‘யூசர் கைட்’ அல்லது ‘செட்டப்’ என்று போட்டுத் தேடுங்கள். ‘சர்வீஸ் மேனுவல்’ என்றிருப்பது ரிப்பேர்காரருக்கானது. அதை எடுத்துவைத்துக் குழம்ப வேண்டாம். பழைய டெல் வாங்குவதானால் உடம்பில் ஒட்டியிருக்கும் ஏழு எழுத்து ‘சர்வீஸ் டேக்’கைப் போட்டால் அதற்கான கையேடே வந்துவிடும். வாங்குவதற்கு முன்பே இதைப் படித்தால், பின்னால் நினைவகம் கூட்ட இடம் உண்டா என்று தெரிந்துவிடும். இடம் இருந்தால் இன்றே எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லையே.

3. பழகுவதற்கான பாடம்: மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்கள் பல தமிழ்க் குரலிலும் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். கேட்டுக்கொண்டே கூடவே செய்து பார்க்கலாம். பாடம் எந்தப் பதிப்புக்கானது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பில் பட்டன்கள் வேறு இடத்தில் இருந்தால் பிள்ளை சோர்ந்துபோகும்.

புது வாசகிக்கு ஏற்ற கையேடு எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முதல் இரண்டு பக்கம் படியுங்கள். பெட்டியைத் திறப்பதிலிருந்து தொடங்கி, படம் போட்டு, ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் அங்கேயே அர்த்தம் சொன்னால் அது நமக்கானது. எடுத்தவுடன் எண்களாகக் கொட்டினால் மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எச்.பி. கம்பெனி ‘சேஃப்டி அண்ட் கம்ஃபர்ட் கைடு’ என்று ஒரு கையேடு வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் முன் முதுகு, மணிக்கட்டு, கழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று படத்தோடு சொல்கிறது. எந்தக் கம்பெனி இயந்திரம் வாங்கினாலும் இதை ஒரு முறை படித்து, மேஜை நாற்காலி உயரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடி தூரத்தை இருபது விநாடி பார்க்கவும் பழக்குங்கள். கண்ணுக்கு நல்லது, செலவும் இல்லை!