பி.பி.க்கும் ஒரு நோட்டு

இப்போது பல வீடுகளில் பி.பி. பார்க்கும் மிஷின் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்துப் பயந்தால், அந்தப் பயத்திலேயே நம்பர் ஏறும்!

அடுப்படி வேலை முடித்த கையோடு பார்க்காதீங்க. காபி குடித்திருந்தால் அரை மணி போகட்டும். சாய்ந்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிஷம் பேசாமல் இருங்கள். கையில் கட்டும் பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும்.

காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை பார்த்து, பால் கணக்கு மாதிரி ஒரு வாரம் எழுதுங்கள். சராசரி 135/85-ஐ எட்டினால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகள் 140/90 வந்தாலே அன்றைக்கே போகணும்.

நம்பர் இறங்கிவிட்டதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திடாதீங்க, சகோதரிகளே! இறக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்.