கீரைக்குச் சான்று இருக்கு, கழிப்பறை இருக்கா?

போன வருஷம் எங்கள் தோட்டத்துக்குக் களையெடுக்க வரும் அக்கா ஒருவர் ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை. மஞ்சள் காமாலை. அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்து, ஹெபடைடிஸ் ஏ என்றார்கள். திரும்பி வந்தவர், "கூலியும் போச்சு, கடனும் ஆச்சு சார்" என்றார்.

இந்த வைரஸ் நோயாளியின் மலத்தில் வெளியேறி, தண்ணீர், உணவு, கை வழியாக அடுத்தவர் வாய்க்குள் போகிறது. கழிப்பறையும் நல்ல தண்ணீரும் இல்லாத ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் வந்துவிடும். சின்ன வயதில் அறிகுறி பெரும்பாலும் தெரியாது. ஆயுசுக்கும் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடும். வசதி பாதி வந்த ஊரில்தான் சிக்கல். சின்ன வயதில் தப்பியவர்களுக்குப் பெரியவர்களான பிறகு வருகிறது. வயது கூடக்கூடக் கடுமையாகிறது.

"இதுக்கும் நம்ம விவசாயத்துக்கும் என்னங்க?" என்று கேட்கலாம். 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 500க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் வந்தது. 3 பேர் இறந்தார்கள். காரணம், மெக்சிகோவில் விளைந்த வெங்காயத்தாள். உணவகத்துக்கு வரும் முன்பே அதில் கிருமி ஏறியிருந்தது.

வங்கியில் இருந்தபோது எத்தனையோ பேருக்குப் பயிர்க்கடன் கொடுத்தேன். கிணறு, மோட்டார், வேலி எல்லாம் விசாரித்தேன். "வேலைக்கு வர்றவங்க எங்கே ஒதுங்குவாங்க?" என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. என் தோட்டத்திலும் கேட்கவில்லை. காலையிலிருந்து வேலை செய்யும் பெண்கள் ஓடைப் பக்கம்தான் போனார்கள். அதே ஓடைத் தண்ணீரில்தான் கொத்தமல்லியை அலசிக் கட்டினோம். ரசாயனம் தெளிக்கவில்லை என்று பெருமை வேறு!

இப்போது கிணற்றுக்குத் தள்ளி ஒரு கழிப்பறை, குழாய், சோப்பு வைத்திருக்கிறேன். கீரை அலச ஓடைத் தண்ணீர் கிடையாது. காமாலை கண்டவருக்குப் பாதிக் கூலியாவது வீட்டுக்குப் போகிறது. கூலியை வெட்டினால் நோயோடுதான் வேலைக்கு வருவார். அவரை எப்படிக் குறை சொல்வது?

நம் குழுக்களில் ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துத்தான் பி.ஜி.எஸ். சான்று கொடுக்கிறோம். மண்ணைப் பார்க்கிறோம், வரப்பைப் பார்க்கிறோம். இனிமேல் கூலியாட்களுக்குக் கழிப்பறையும் கை கழுவத் தண்ணீரும் இருக்கிறதா என்பதையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம். முதலில் என் தோட்டத்துக்கே வாங்க.