மாகாணம் திறக்கும் கதவு, ஒட்டாவாவின் கையில் சாவி

2024 மே மாதம், கனடாவின் மிகச்சிறிய மாகாணமான பிரின்ஸ் எட்வேர்ட் தீவின் தலைநகர் சார்லட்டவுனில் இந்தியத் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்வோருக்கான நிரந்தர வதிவிட நியமனங்களை மாகாண அரசு குறைத்திருந்தது. சுகாதாரத்துக்கும் கட்டுமானத்துக்குமே முன்னுரிமை என்றது அரசு. அவர்கள் வந்தபோது இருந்த விதி, வேலை அனுமதி முடியும்போது மாறிவிட்டது.

1998இல் தொடங்கிய மாகாண நியமனத் திட்டத்தின் அடிப்படைப் பலவீனம் இதுதான். தனக்குத் தேவையான தொழிலாளரை மாகாணம் தெரிவு செய்கிறது. வதிவிட உரிமையை வழங்குவது மத்திய அரசு. எத்தனை பேரை நியமிக்கலாம் என்பதையும் ஆண்டுதோறும் ஒட்டாவாவே தீர்மானிக்கிறது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் மொத்தப் புள்ளிகள் 1200. மாகாண நியமனம் ஒன்றே 600 புள்ளிகளைத் தருகிறது. வயது கூடியதால் புள்ளி இழந்த ஒரு பொறியியலாளருக்கு இது ஏறத்தாழ உறுதியான அழைப்பு. ஆனால் 2024இல் 110,000 ஆக இருந்த இத்திட்டத்தின் இலக்கு, 2025இல் 55,000 ஆகப் பாதியாக வெட்டப்பட்டது. 2026க்கு மீண்டும் 91,500 ஆக உயர்த்தப்பட்டது. வீட்டு நெருக்கடியும் உள்நாட்டு அரசியலும் அசைக்கும் இந்த எண்களை நம்பித்தான் குடும்பங்கள் எதிர்காலத்தைத் திட்டமிடுகின்றன.

இன்னொரு சிக்கல், தொழில் வழங்குநரில் தங்கியிருத்தல். வேலைக் கடிதங்கள் பணத்துக்கு விற்கப்படுவதைத் தடுக்க, 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அதற்கான புள்ளிகள் நீக்கப்பட்டன. மாகாணங்களின் பல பிரிவுகளிலோ வேலைக் கடிதம் இன்னமும் கட்டாயம். வேலை போனால் நியமனமும் போகலாம். சம்பளம் குறைத்தாலும் மேலதிக நேரத்துக்குக் காசு தராவிட்டாலும் தொழிலாளி வாய் திறக்கத் தயங்குவது இதனால்தான்.

1983க்குப் பின் எம்மவர்களில் பலர் கனடாவில் காலூன்றியது அகதிக் கோரிக்கையின் வழியே. இன்றைய இளையோர் தேடும் தொழில்வழிப் பாதையில், இந்தியர்களுக்குள்ள அதே விதிகளே எமக்கும். 'மாகாண நியமனம் நிச்சயம்' என்று முகவர் சொன்னால், நகையை அடைவு வைக்க முன் ஒன்றைக் கேளுங்கள்: அடுத்த ஆண்டின் ஒதுக்கீடு மாகாணத்துக்கே தெரியாதபோது, அது முகவருக்கு எப்படித் தெரிந்தது?