வாடகைக்கு விடும் முன் கேட்கும் கேள்வி

தலத்தெரு ஊர்ப் பெரியவர்களே, அக்கா தங்கைகளே, தம்பிமாரே,

ஜார்ஜ் க்ளூனி 2017-இல் எடுத்த 'சபர்பிகான்' படத்தை இங்கே பாரிஸ் புறநகரில் பார்த்தேன். உங்களோடு பேசவேண்டும் என்று தோன்றியது. 1950களின் அமெரிக்கக் குடியிருப்பு. புல்வெளியும் புதுக் காருமாக எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. அங்கே ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்ததும் ஊரே வீட்டுமுன் திரண்டு இரவெல்லாம் மேளம் தட்டிக் கூச்சல் போடுகிறது. அதே வேளையில், பின்பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் காப்பீட்டுப் பணத்துக்காக மனைவியையே ஆள் வைத்துக் கொல்கிறார். அந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கொலை கற்பனை. கூட்டம் நிஜம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்டியவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே வீடு விற்றார்கள். 1957 ஆகஸ்டில் வில்லியம், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் பழைய உரிமையாளரிடம் ஒரு வீட்டை வாங்கிப் பிள்ளைகளோடு குடியேறினார்கள். கல் பறந்தது, சன்னல் உடைந்தது, சிலுவைகள் எரிந்தன. துணைநின்ற பக்கத்து வீட்டாரையும் விட்டுவைக்கவில்லை. இவர்கள் வந்தால் வீட்டு விலை இறங்கிவிடும் என்று நியாயம் வேறு பேசினார்கள்.

இந்தப் பேச்சை நாம் கேட்டதில்லையா?

பிரான்சில், பூர்வீகத்தைக் காரணம் காட்டி வீடு மறுப்பது 1972 முதல் குற்றம். ஆனாலும் தொலைபேசியில் நம் பேரைச் சொன்னதும், "வீடு போய்விட்டதே" என்ற பதில் வருகிறது. அதைச் சொல்லிச் சொல்லி மனம் வெதும்புகிறோம். அப்படி வெதும்புகிறவர்களே, ஊரில் பூட்டிக் கிடக்கும் தங்கள் வீட்டை வாடகைக்கு விடச் சொந்தக்காரருக்குப் போன் போடும்போது, "நம்ம ஆளுங்களாப் பாத்து விடு" என்கிறார்கள். இந்தியாவில் வாடகை வீட்டில் காட்டும் எல்லாப் பாகுபாட்டையும் தடுக்கும் பொதுச் சட்டமும் இல்லை. ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் சமயத்தாரை மட்டுமே உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது.

ஆள் பார்த்து விட்டால் தெருவுக்குப் பாதுகாப்பு என்கிறோம். ஆனால் மனைவியை அடிப்பவனும் சீட்டுப் பணத்தைச் சுருட்டுபவனும் சாதி கேட்டால் நம் சாதியாகவே இருப்பான்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை பேர் என்று கேளுங்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். இங்கிருந்து போன் போட்டு அதைக் கேட்கச் சொல்பவர்களிடம், "முடியாது" என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாரிஸ் புறநகரில் வாழும் உங்கள் தலத்தெருப் பிள்ளை