சுருளி வழக்கைத் தோற்கடித்தது யார்?

சுருளி இரட்டைக் கொலை வழக்கில் 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் கேட்டதும் நீதிமன்றத்தின் மீது கோபப்படுவது எளிது. கீழே தூக்கு, மேலே விடுதலை என்றால் சாமானியருக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஆத்திரம் போய்ச் சேரவேண்டிய இடம் டெல்லியில் இல்லை.

உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, கம்பம், கூடலூர் என்று தேனி மாவட்டத்தின் இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள எந்த ஊர்க்காரருக்கும் வழக்கின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 மே மாதம் சுருளி அருவிக்குப் போன இளம் ஜோடி உயிரோடு திரும்பவில்லை. அந்தப் பெண் பாலியல் வன்முறைக்கும் ஆளாக்கப்பட்டிருந்தார். 2018இல் தேனி நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, குற்றம் ஐயமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி அவரை விடுவித்தது. 14 ஆண்டுகள் நடந்த வழக்கின் முடிவு இதுதான்.

வழக்கின் முதுகெலும்பாக நிறுத்தப்பட்டது டி.என்.ஏ. சான்று. பிரேதப் பரிசோதனையில் எடுக்கப்படும் மாதிரி என்பது பஞ்சு சுற்றிய ஒரு சிறு குச்சி. அதை ஈரம் போக உலர்த்தி, காகித உறையில் இட்டு, சீல் வைத்து, குளிரில் வைக்க வேண்டும். ஈரமும் வெக்கையும் பட்டால் கெட்டுவிடும். வேறொன்றோடு உரசினால் கலந்துவிடும். உறையின் மேல் எப்போது எடுத்தது, யார் எடுத்தது, எந்த வழக்கு எண் என்று எழுத வேண்டும். கை மாறும்போதெல்லாம் கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு வெளிநாட்டுப் பயிற்சியோ கோடிக்கணக்கில் நிதியோ தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் அக்கறையும் போதும்.

சுருளி வழக்கில் அந்தக் குச்சி ஆய்வகத்துக்குப் போகும்வரை எங்கே, யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தது என்பதற்கு நம்பத்தக்க பதில் அரசுத் தரப்பிடம் இல்லை. ஏன் தாமதமாக அனுப்பப்பட்டது என்பதற்கும் விளக்கம் இல்லை. கலப்பு நேர்ந்திருக்கவே முடியாது என்று சொல்ல வழியில்லாத சான்றை வைத்து ஒரு மனிதனைத் தூக்கில் போட முடியாது. நீதிமன்றம் வேறு என்ன செய்திருக்க முடியும்?

இந்த ஓட்டையோடு வழக்கை நடத்தலாம் என்று அரசுத் தரப்பினர் முடிவெடுத்தார்களே, அதுதான் பொறுக்க முடியாதது. மாதிரி எங்கே கிடந்தது என்பதற்குப் பதில் இல்லை என்பது நாடு முழுவதற்கும் 2025இல்தான் தெரிய வந்திருக்கலாம். வழக்கை நடத்தியவர்களுக்கு அது முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் ஒருவரைத் தூக்குக் கயிறுவரை இழுத்துப் போனார்கள். அவர் குற்றமற்றவர் என்றால் அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பறித்தவர்கள் இவர்கள். வேறு யாரோ கொன்றிருந்தால் அந்த ஆள் இத்தனை ஆண்டுகளாக நம் நடுவே நடமாடுகிறான். இரண்டில் எதுவானாலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

உச்ச நீதிமன்றம் இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிக்கூடப் பாடம் போல எழுதிக் கொடுத்திருக்கிறது. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை கேஸ் டைரியில் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்ற அனுமதியின்றி உறையைப் பிரிக்கக் கூடாது. எடுத்த நாள் முதல் தீர்ப்பு நாள்வரை கைமாறிய விவரம் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். நூற்றாண்டு கடந்த காவல் துறைக்கு இதையெல்லாம் நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருந்தது தமிழ்நாட்டுக்குத் தலைகுனிவு.

காக்க வேண்டியதைக் காக்கத் தவறுவது இந்தத் துறையை நடத்துகிறவர்களுக்குப் புதிதும் அல்ல. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவுகள் அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததை, அங்கே நேர்ந்த காவல் மரணங்களை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை உயர் அதிகாரியே வெளியே சொன்னார். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்முறைப் புகார் மீதான எஃப்.ஐ.ஆர். அவருடைய விவரங்களோடு ஊரெங்கும் பரவியது. இரண்டு பெண்களுக்கும் தலா 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இடையே ஆட்சி மாறியது, பழக்கம் மாறவில்லை. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே நகைத் திருட்டுப் புகாரில் கோயில் காவலாளி ஒருவரைப் போலீஸ் தனிப்படை அடித்தே கொன்றது. அடித்து வாங்கும் வாக்குமூலத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையில் பாதியாவது உறையிலிட்ட பஞ்சுக் குச்சியின் மேல் இருந்திருந்தால் சுருளி வழக்கு இப்படி முடிந்திருக்காது.

ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் ரோந்து கூட்டுவோம், கேமரா வைப்போம் என்கிறார்கள். வைக்கட்டும். வனத் துறையின் சாவடியைத் தாண்டி அருவிக்கு நடந்து போகும் பெண்ணைக் காப்பது கேமரா மட்டுமல்ல. தவறு செய்தால் நிச்சயம் மாட்டுவோம் என்ற பயம் செய்பவனுக்கு இருக்க வேண்டும். அந்தப் பயத்தைப் போக்கியவர்கள், சான்றைக் கோட்டைவிட்டவர்கள்தான்.

தேனி மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிவேடு இருக்கிறதா என்பதைக் காவல் துறை மக்களுக்குச் சொல்லட்டும். சுருளி வழக்கில் மாதிரியைப் பொறுப்பில் வைத்திருந்தவர்கள் யார், மேற்பார்வையிட்டவர்கள் யார் என்று முறையாக விசாரிக்க வேண்டும். அந்தக் கொலைகளை யார் செய்தார்கள் என்ற கேள்வியையும் மூடிவிடக் கூடாது. இரண்டு குடும்பங்களுக்கும், தூக்குத் தண்டனைக் கைதியாக ஆண்டுக்கணக்கில் கிடந்தவருக்கும் அரசு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் இன்னொரு சுற்றறிக்கையாக இருந்தால் இந்தப் பள்ளத்தாக்கு அதை ஏற்காது.