கெத்து வண்டி விற்பனைக்கு... வில்லங்கம் இலவசம்!

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்து விட்டால் தென்காசி ரோட்டில் இரண்டு வகைக் கூட்டம் வரும். ஒன்று, தோளில் துண்டும் கையில் எண்ணெய் பாட்டிலுமாக அருவியில் குளிக்க வரும் கூட்டம். இன்னொன்று, தரைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தூக்கி நிறுத்திய பிக்கப்பிலும் ஜீப்பிலும் வந்து இறங்கும் கூட்டம். யானைக்கால் மாதிரி டயர், வீட்டுக் கேட்டுக்குப் போட வேண்டிய இரும்பெல்லாம் முன்னால், கூரை மேல் வரிசையாக லைட்டு, போதாததற்கு ஒரு ஸ்நார்க்கெல் வேறு. ஐந்தருவி பார்க்கிங்கில் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காத காலேஜ் பையன் இருந்தால் அதிசயம்தான்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. இங்கே பேச்சு அந்த வண்டியை ஓட்டுகிறவரைப் பற்றியும் இல்லை. இரண்டு சீசன் ஓட்டி அலுத்துப் போன பிறகு அதை இன்னொருவர் தலையில் கட்டுகிறாரே, அவரைப் பற்றி.

டீக்கடை பெஞ்சில் நடக்கும் வியாபாரம் எப்படி இருக்கும்?

“வண்டி பக்கா அண்ணாச்சி. டயர், சஸ்பென்ஷன் எல்லாம் வெளிநாட்டு ஐட்டம். போட்ட காசுல பாதிதான் கேக்குறேன்.”

“ஆர்.சி.ல பேரு மாத்தணும்லா?”

“29, 30 ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுத் தந்துருதேன். மெதுவா மாத்திக்கிடுங்க.”

அவ்வளவுதான். கை குலுக்கி, டீ குடித்து, சாவி கை மாறி விடும். ஆனால் இந்த மூன்று வரிக்குள் எத்தனை வில்லங்கம் இருக்கிறது தெரியுமா?

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கு கிளம்பியதே பக்கத்துக் கேரளாவில்தான். அதே வருடம் செப்டம்பர் 1 முதல் 182-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘மாற்றம் ஒன்றுக்கு’ என்பதைக் கவனியுங்கள் மக்களே. டயர், சஸ்பென்ஷன், பம்பர், சைலன்சர் என்று நாலு மாற்றினால் 20,000. மாற்றிய வண்டியை விற்பவர் டீலராக இருந்தால் இன்னும் மோசம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம், அல்லது இரண்டும்.

மாற்றியது என்னவோ பழைய ஓனர். ஆனால் புளியரை செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது யார்? “நான் மாத்தல சார், வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு” என்று விளக்க வேண்டியது வாங்கினவர் தலையெழுத்து. விற்றவர் அந்த நேரம் அடுத்த வண்டிக்கு டயர் பார்த்துக் கொண்டிருப்பார்.

அடுத்தது காசு. பி.காம். முதல் வருடப் புத்தகம் இருந்தால் போதும், இந்த விலையைப் பிரித்து மேய்ந்து விடலாம். உதாரணத்துக்கு, ஒரு பிக்கப்பின் கம்பெனி விலை 20 லட்சம். மேலே 5 லட்சத்துக்கு வேலை செய்திருக்கிறார். வயது மூன்றரை வருடம். இன்சூரன்ஸ் கணக்கில் மூன்று வருடம் தாண்டி நாலுக்குள் இருக்கும் வண்டிக்குத் தேய்மானம் 40 சதவீதம். ஆக வண்டியின் மதிப்பு 12 லட்சம். நம்ம ஆள் கேட்பதோ 15 லட்சம். அந்த 3 லட்சம் எதற்கு? இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாத மாற்றங்களுக்கு. நாளைக்கு வண்டி கவிழ்ந்தால் அந்த 3 லட்சத்தைத் தர மாட்டார்கள். சொல்லாமல் மாற்றியதைக் காட்டி மிச்ச 12 லட்சத்துக்கும் இழுத்தடிக்க வாய்ப்பு உண்டு. தன் ஆசைக்குச் செலவழித்த காசு, அனுபவித்தபோதே போன காசு. அதைச் சொத்துக் கணக்கில் ஏற்றி அடுத்தவனிடம் வசூல் செய்வதற்குப் பெயர் வியாபாரமா?

“கண்ணால பாத்துத்தானே வாங்குதான், அவனுக்குத் தெரியாதா?” என்று கேட்பார்கள். 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் ‘வாங்குவோரே விழிப்பாயிருங்கள்’ என்ற கொள்கை இருக்கிறது, வாஸ்தவம். சட்டம் தெரியாமல் ஒப்பந்தம் போட்டேன் என்று பின்வாங்க ஒப்பந்தச் சட்டத்தின் 21-ம் பிரிவும் விடாது. ஆக, ‘பெரிய டயர் சட்ட விரோதம் என்று தெரியாது’ என்ற வாதம் எடுபடாது. ஆனால் கேள்வியே அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாங்குபவருக்குத் தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்துதானே விற்கிறவர் வாய் திறக்காமல் இருக்கிறார்? சீட்டுப் பணம், அம்மா நகை அடகு என்று சேர்த்து வாங்குகிற செங்கோட்டைப் பையனிடம் மௌனம் சாதிப்பது சாமர்த்தியம் இல்லை சாமி. ஏமாற்று வேலை.

மூன்றாவது உயிர். 30 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குலம் போட்டால் ஒரு சுற்றில் வண்டி 10 சதவீதம் கூடுதல் தூரம் போகும். மீட்டரைத் திருத்தாவிட்டால் அது 60 காட்டும்போது உண்மையான வேகம் 66. பிரேக்குக்கும் பேரிங்குக்கும் கூடுதல் பாரம். வண்டியை உயர்த்தினால் எடையின் மையமும் உயரும், திருப்பத்தில் கவிழும் அபாயமும் உயரும். இதை வைத்துக் கொண்டு மழையில் புளியரை எஸ் வளைவில் இறங்குவதை யோசித்துப் பாருங்கள். முன்னால் மாட்டுகிற இரும்பு பம்பர் இன்னும் மோசம். மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பகுதியை அது வேலை செய்ய விடாது. ஏர்பேக் சென்சாரையும் குழப்பும். நடந்து போகிறவரின் எலும்பை நொறுக்கும். 2017 டிசம்பரிலேயே இந்த பம்பர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. சீசன் நேரத்தில் மெயின் அருவி ரோட்டில் ஈரத் தலையோடு குழந்தையைத் தூக்கிக் கொண்டு நடக்கிற குடும்பங்களை நினைத்தால் அந்தக் கடிதத்தின் அர்த்தம் புரியும்.

விற்றவர் இத்தனைக்கும் சிரித்துக் கொண்டே இருப்பார். ‘நமக்கென்ன, வித்தாச்சு’ என்று. அங்கேதான் ஆப்பு காத்திருக்கிறது! 50-ம் பிரிவுப்படி அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு விற்றவர் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட ஃபார்மை நீட்டி விட்டுப் போவது இதில் எதிலும் சேராது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு இதற்குச் சரியான பாடம். 2007-ல் கார் விற்கப்பட்டது. பெயர் மாறாமலே கை மாறி கை மாறிப் போனது. 2009-ல் விபத்து, ஒரு உயிர் போனது. 2018-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு. விற்று இரண்டு வருடம் ஆகியும்! டி.என். 76 நம்பரோடு மலை தாண்டிப் போன வண்டி அந்தப் பக்கம் யாரை இடித்தாலும் நோட்டீஸ் தேடி வருவது தென்காசி விலாசத்துக்குத்தான்.

“சட்டம்தான் ரொம்பக் கறார். வெளிநாட்டுல எல்லாம் விடுதானே?” இதில் பாதி நியாயம் உண்டு. ஆஸ்திரேலியாவில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வண்டியை உயர்த்தினால் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்று வேண்டும், அது இருந்தால் ஓட்டலாம். இங்கேயும் அப்படி ஒரு வழி வரட்டும், தாராளமாகக் கேட்கலாம். மலைத் தோட்டத்துக்கு ஏறுகிறவருக்கு அது நிஜமாகவே தேவை. ஆனால் வராத சட்டத்தை வந்ததாக நினைத்து இன்றைக்கு ஒருவனுக்கு விற்க முடியாது.

விற்கிறவர் செய்ய வேண்டியது கஷ்டமே இல்லை. போட்டதையெல்லாம் கழற்றுங்கள். கம்பெனி டயரையும் ஸ்பிரிங்கையும் திருப்பி மாட்டுங்கள். எந்த மேட்டில் ஏற்றினோம், எதில் அடி வாங்கியது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வண்டியின் விலையை மட்டும் வாங்குங்கள். வாங்கினவரையும் கூட்டிக் கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்ப் பெயரை மாற்றி விட்டு, அதன் பிறகு டீ குடியுங்கள்.

கழற்ற மனசு வரவில்லையா? அப்படியென்றால் விற்காதீர்கள். உங்கள் கெத்து, உங்கள் வில்லங்கம். உங்களோடே இருக்கட்டும்!