முதல் ஆசிரியரை மறந்தோம்!

(மூன்றாமாண்டு இளங்கலைப் பொருளியல் மாணவி ஒருவர்)

"உன் முதல் ஆசிரியர் யார்?"

சென்ற பருவத்தில், பேராசிரியர் வராத ஒரு வகுப்பு வேளையில், என் வகுப்புத் தோழர்களிடம் இக்கேள்வியைக் கேட்டேன். பெரும்பாலோர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரின் பெயரைச் சொன்னார்கள். சிலர் தலைமையாசிரியரின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் தம்மை முட்டி போட வைத்த கணக்கு வாத்தியாரின் பெயரைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஆனால், அதற்கும் முன்னே இரண்டு மூன்று ஆண்டுகள் மூக்கைத் துடைத்து, கைதட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, சோறு போட்டு, பாய் விரித்துத் தூங்க வைத்த பால்வாடி டீச்சரின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அரசு கலைக் கல்லூரிக்கு வரும் நம்மில் பெரும்பாலோர் பால்வாடியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தாம்!

இக்கேள்வி என் மனத்தில் எழக் காரணம் உண்டு. என் தாயார் ஓர் அங்கன்வாடி பணியாளர். எனவே இக்கட்டுரையில் நான் நடுநிலையாளர் அல்லேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நான் கேட்கப் போவது என் தாய்க்கான சலுகை அன்று. மூன்று வயதுக் குழந்தைக்குக் கல்வி தருபவருக்குக் கற்பிக்கவும் துணை நிற்கவும் நாட்டுக்குக் கடமை உண்டா, இல்லையா என்பதே என் கேள்வி.

வந்த வழி

'அங்கன்வாடி' என்ற சொல் அரசு அலுவலகத்தில் பிறந்ததன்று. குஜராத்தின் பவநகரில் 1920-ஆம் ஆண்டு கிஜுபாய் பதேக்கா குழந்தைகளுக்கென ஒரு பால மந்திரம் கண்டார். அவருடன் இணைந்து பணியாற்றிய தாராபாய் மோடக், 1945-இல் மகாராட்டிரத்தின் போர்டி என்னும் ஊரில் கிராமத்துக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. ஆகவே பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்தைத் தேடிச் சென்றது. முற்றம் என்பதே 'அங்கன்'. இப்பெருமாட்டிக்கு உறுதுணையாய் நின்றவர் அனுதாய் வாக். இதே காலத்தில், 1939-ஆம் ஆண்டு, மரியா மாண்டிசோரி அம்மையார் நம் சென்னை அடையாற்றுக்கு வந்தார். வந்தவர் முதலில் செய்த வேலை என்ன? ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியது! அம்முன்னோடிகள் அனைவரும் ஓர் உண்மையை அறிந்திருந்தனர்: குழந்தைப் பள்ளி என்பது கட்டடத்தில் இல்லை; அங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியரிடம் இருக்கிறது.

பின்னர் அரசு இப்பணியை ஏற்றது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழகத்தில் 1982 சூலை 1 முதல் சத்துணவுத் திட்டம் பாலர் மையங்களுக்கும் வந்தது. இன்று நம் மாநிலத்தில் மட்டும் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பசித்த வயிறுகளுக்கு அவை செய்த நன்மையைக் குறைத்துப் பேசுபவன் நன்றி கொன்றவன் ஆவான். ஆனால், திட்டம் வகுத்த ஆறு சேவைகளுள் ஒன்றாகிய முன்பருவக் கல்வி மட்டும் கடைசிப் பந்தியில் அமர்ந்த விருந்தாளியைப் போல ஆயிற்று. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைப் பரிந்துரை, தாய்மார்களுக்கு உணவு நலக் கல்வி ஆகிய ஐந்தும் முடிந்த பிறகு மிஞ்சும் நேரமே குழந்தைக் கல்விக்குக் கிடைக்கிறது.

அந்த மிச்ச நேரம் எவ்வளவு?

என் தாயாரின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் மையத்தைத் திறந்து பெருக்குவதற்குள் குழந்தைகள் வந்துவிடுகிறார்கள். ஆயா அடுப்பைப் பற்ற வைக்கிறார். ஆயா விடுப்பு எடுத்தால் அடுப்பும் அம்மாவுடையதே. எடை பார்க்க வேண்டும்; உயரம் அளக்க வேண்டும்; சத்துமாவு வழங்க வேண்டும்; கருவுற்ற தாய்மாரின் வீட்டுக்குச் செல்ல வேண்டும். 2021-இல் வந்த கைப்பேசிச் செயலியில் இவை அனைத்தையும் பதிய வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவைப் பெறுவோரின் முகத்தைப் படம் பிடித்து அடையாளம் காணும் முறை 2025-இல் கட்டாயமாயிற்று. சிக்னல் கிடைக்காத எங்கள் ஊரில், கையில் பேசியுடன் வேப்ப மரத்தடிக்கும் வாசலுக்குமாக அம்மா நடப்பதைக் கண்டு குழந்தைகள் அதை ஒரு விளையாட்டென்று எண்ணிப் பின்னாலேயே வரிசையாக நடந்த நாளும் உண்டு! இவற்றோடு வாக்காளர் பட்டியல் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனைக்கும் நடுவே, இருபது குழந்தைகளுக்கு மொழியும் எண்ணும் நல்ல பழக்கமும் கூடி வாழும் பண்பும் கற்பிக்க வேண்டும். ஒருவரால் ஆகுமா?

பயிற்சி என்னும் பெயரால்

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பாடம் நடத்த வருபவர் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு முடித்து, தகுதித் தேர்விலும் வெல்ல வேண்டும். அது சரியே. ஆனால், அதே குழந்தைக்கு ஓராண்டுக்கு முன் கற்பித்தவருக்கு? என் தாயார் 2009-இல் பணியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த பணிப்பயிற்சி 26 நாள். அந்நாள்களுக்குள் ஆறு சேவைகளையும் பதிவேடுகளையும் கற்க வேண்டும். குழந்தைக் கல்விக்கு அதில் ஒரு பங்கு. பின்னர் அவ்வப்போது 5 நாள் புத்தாக்கப் பயிற்சி. 2018-இல் போஷண் அபியான் தொடங்கியபின் வந்த 21 பாடத் தொகுதிகளில் பெரும்பகுதி உணவும் உடல்நலமும் பற்றியவை. 2023-இல்தான் 'ஊட்டச்சத்தோடு கல்வியும்' என்ற நோக்கில் தனிப் பயிற்சி ஒன்றை மைய அரசு தொடங்கியது. நல்ல நோக்கம். கால அளவு 3 நாள்!

அத்தகைய பயிற்சி ஒன்றுக்குச் சென்று வந்த அம்மாவிடம், "என்ன கற்றீர்கள்?" என்று ஆவலோடு கேட்டேன். கைப்பை ஒன்றையும் குறிப்பேட்டையும் காட்டிச் சிரித்தார். "நல்ல விஷயந்தான் சொன்னாங்க. திரையில படம் படமா ஓடிச்சு. ஆனா, நான் செய்யறது சரியா தப்பான்னு யாராவது வந்து ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாத்தானே தெரியும்?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் பயிற்சிக் கொள்கை முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. நீச்சலைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாது. மேற்பார்வையாளர் மையத்திற்கு வருகிறார், பதிவேட்டைப் பார்க்கிறார், முட்டைக் கணக்கைப் பார்க்கிறார், கையொப்பமிட்டுச் செல்கிறார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. அவரிடம் மேலே இருப்பவர்கள் கேட்பதும் முட்டைக் கணக்கைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மையத்தில் சேர்ந்த ஒரு சிறுவன் மூன்று மாதம் வாய் திறந்து பேசவில்லை. மூலையில் உட்கார்ந்திருப்பான். அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பயிற்சிக் குறிப்பேட்டிலும் விடை இல்லை. மாதாந்தரக் கூட்டத்திற்குப் போன இடத்தில், தேநீர் வேளையில், பக்கத்து ஊர் மூத்த பணியாளர் ஒருவரிடம் அம்மா இதைச் சொல்லியிருக்கிறார். "அவனைப் பேசச் சொல்லாதே. தட்டு எடுத்து வைக்கிற வேலையைக் குடு. எண்ணிக்கிட்டே நீ பேசு, அவன் பேச வேண்டாம்" என்றாராம் அந்த அக்கா. இருபதாம் நாளோ என்னவோ, தட்டு ஒன்று குறைந்தபோது, "டீச்சர், எனக்கு இல்ல" என்றான் அச்சிறுவன். அன்று இரவு அம்மா அதை எங்களிடம் மூன்று முறை சொன்னார். கூட்டத்தில் நாள் முழுதும் நடந்த கணக்குச் சரிபார்ப்பில் கிடைக்காத கல்வி, பத்து நிமிடத் தேநீர் வேளையில் கிடைத்தது!

மறுப்பார் கூற்று

"குழந்தைக்குப் பாட்டுச் சொல்ல என்ன பயிற்சி வேண்டும்? எந்தத் தாயும் செய்வதுதானே?" என்பார் உளர். தன் ஒரு குழந்தையை வளர்ப்பது வேறு. பிறர் பெற்ற இருபது குழந்தைகளை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாயிருக்க, ஒரே அறையில் வளர்ப்பது வேறு. மேலும், 'எந்தத் தாயும் செய்வதுதானே' என்ற சொல்லே இவர்களை 'கௌரவ ஊழியர்' என்று அழைத்து, ஊதியம் என்னாமல் மதிப்பூதியம் என்று கொடுப்பதற்கு வழி செய்தது. 2018-இல் உயர்த்தப்பட்ட பின்னும் மைய அரசு இதற்கென நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். தமிழகம் சிறப்புக் காலமுறை ஊதியம் தந்து இதைவிட மேலான நிலையில் வைத்திருப்பது பாராட்டுக்குரியது. ஆயினும் அங்கன்வாடி பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அன்று என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022-இல் அதே நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒரு கதவு இப்போதுதான் சற்றே திறந்திருக்கிறது.

"நாங்கள் ஆங்கில நர்சரிக்கு அனுப்பிவிடுகிறோம்" என்பார் வேறு சிலர். அங்கே நிலை என்ன? பல சிறு நர்சரிகளில் கற்பிப்பவர்கள், எப்பயிற்சியும் பெறாத, மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் இளம்பெண்கள். மூன்று வயதுப் பிஞ்சு விரலில் பென்சிலைத் திணித்து வீட்டுப்பாடம் எழுத வைப்பது அவர்கள் குற்றமன்று. வேறு வழி அவர்களுக்கு எவரும் காட்டவில்லை. நம் கல்லூரியில் பட்டம் பெற்ற எத்தனை அக்காமார் இன்று அவ்வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாளை நம்மில் எத்தனை பேரோ!

"பணம் எங்கே?" என்பது மூன்றாவது கேள்வி. பொருளியல் மாணவி என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாக விடை கூற விரும்புகிறேன். கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலறிஞர்கள் தமிழக அரசுடன் சேர்ந்து இம்மாநிலத்து மையங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 320 மையங்களுள் பாதியில் மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே அரை நேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். ஏறத்தாழ 18 மாதங்களில் அம்மையங்களில் கற்பித்தல் நேரம் இரு மடங்காயிற்று. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறினர். வியப்பு என்னவெனில், அக்குழந்தைகளிடையே ஊட்டச்சத்துக் குறைவும் தணிந்தது! ஏனெனில், பழைய பணியாளருக்குத் தம் மற்ற வேலைகளைச் செய்ய நேரம் கிடைத்தது. செலவைக் காட்டிலும் வரும் பயன் பல மடங்கு என்பது அவர்கள் முடிவு. விதைநெல்லுக்குச் செய்யும் செலவை நட்டமென்று எழுதும் கணக்குப்பிள்ளையை எந்த உழவர் வைத்துக்கொள்வார்?

செய்யத்தக்கவை

2002-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை 6 முதல் 14 வயது வரை அடிப்படை உரிமையாக்கியது. ஆறுக்குக் கீழ்ப்பட்டோர் அரசு முயல வேண்டிய நெறியாக மட்டும் நிறுத்தப்பட்டனர். 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதனினும் குறைந்த படிப்புடையோருக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும் தர வேண்டும் என்றது. அக்கொள்கையின் மற்றப் பகுதிகள் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். இந்த ஒன்றை யாவரும் ஏற்கலாம். அப்படிப்பைப் பணி நேரத்திலேயே, ஊதியம் குறையாமல் தர வேண்டும். படித்து முடித்தவருக்கு மேற்பார்வையாளர் பதவிக்கு ஏறும் படி இருக்க வேண்டும். ஏறிச் செல்லும் இடம் இல்லையேல் ஏணியால் என்ன பயன்?

அடுத்து, மாதாந்தரக் கூட்டத்தின் பாதி நேரத்தைக் குழந்தைகளைப் பற்றிப் பேசுவதற்கே ஒதுக்க வேண்டும். தேநீர் வேளைக் கல்வி, கூட்டத்தின் கல்வியாக வேண்டும். அனுபவம் மிக்க பணியாளர்களைத் தேர்ந்து, மையம் மையமாகச் சென்று தரையில் அமர்ந்து உடன் கற்பித்துக் காட்டும் துணையாசிரியர்களாக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கல்விக்கென மையத்துக்கு ஒரு கூடுதல் கை வேண்டும். அக்கை இல்லாமல் தரும் எப்பயிற்சியும் நீர் ஊற்ற ஆளின்றி நட்ட கன்றே ஆகும்.

அரசுக்கு மட்டுமா கடமை? பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று. நம் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. வட்டாரத்துத் தாலாட்டும் விடுகதையும் விளையாட்டுப் பாட்டும் திரட்டிச் சிறு நூலாக்கித் தரலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒவ்வோர் ஆண்டும் கோயில் வளாகத்தைத் தூய்மை செய்கிறோம். ஓராண்டு அவ்வூர் மையத்தின் சுவரில் படம் வரையலாம், மரப் பொம்மைகள் செய்து தரலாம். சனிக்கிழமைகளில் நம் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. சுற்று வட்டாரப் பணியாளர்கள் கூடித் தம்முள் கற்பதற்கு அவற்றுள் ஒன்றைத் திறந்து வைத்தால் கல்லூரிக்கு என்ன குறைந்துவிடும்?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வாய் ஓயாமல் கேட்கிறோம். அந்த ஐந்தில் வளைக்கும் கைகளை யார் பேணுகிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

நான்கு வயதில் நானும் என் தாயின் மையத்தில் ஒரு மாணவியாய் இருந்தவள். எனவே என் முதல் ஆசிரியரின் பெயர் எனக்குத் தெரியும். நீங்கள் இவ்விதழை மூடிவைத்துவிட்டு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்கள் முதல் ஆசிரியரின் பெயரை வீட்டில் கேட்டறியுங்கள். அவர் இன்னும் பணியில் இருந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். "டீச்சர், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் உடனே விடை சொல்லமாட்டார். இதுவரை அவரை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.